மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

தினமும் காலையில் காபியோடு ஒரு வெய்யில் மாத்திரை விழுங்குகிறேன். ஸ்வீடனில் இந்த யோத்தேபோரி நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, வைட்டமின் டி அறவே இல்லை என்றார். ஊரில் வெய்யிலில் போவதுண்டா என்று கேட்டார். எங்கள் ஊரில் புத்தி சரியில்லாதவர்கள்தான் வேண்டுமென்று வெய்யிலில் நிற்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பெண்களை வெளியே விடமாட்டார்களோ என்று தயங்கித் தயங்கி விசாரித்தார். இல்லை என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சேலத்துக்காரி ஒருத்தி வெய்யிலை மருந்துக்கடையில் வாங்கித் தின்பாள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

இங்கே வெளிச்சத்துக்கு அப்படியொரு மரியாதை. வீடு வாங்குகிறவர்கள் விலையை விசாரிக்கும் முன் ஜன்னல் எந்தத் திசை என்று கேட்கிறார்கள். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு வைக்கிறார்கள். ஆரம்பத்தில் இதையெல்லாம் கேலி செய்துகொண்டிருந்தேன். எந்த வருஷத்தில் நானும் அப்படி ஆனேன் என்று தெரியவில்லை. இருட்டான வீட்டைப் பார்த்தாலே மனசு கனக்க ஆரம்பித்தது.

அம்மா போன பிறகு அப்பா மல்லசமுத்திரத்தில் தனியாக இருந்தார். ஒரு தரம் நெஞ்சுவலி வந்து பிழைத்ததும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட்டை வாங்கினேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான். கிழக்கே பக்கத்துக் கட்டடம் ஒட்டி நின்றது. மேற்கே முழுச்சுவர், ஒரு ஓட்டைகூடக் கிடையாது. பகலிலேயே லைட்டைப் போட்டால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும். அதன் போட்டோவை இங்கே ஃபீக்கா நேரத்தில், அதாவது எல்லோரும் கூடிக் காபி குடிக்கும் நேரத்தில், கூட வேலை செய்யும் லேனாவிடம் காட்டினேன். உன் அப்பா இதற்குள் எப்படி மூச்சு விடுவார் என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று.

டிசம்பரில் லீவு போட்டுக்கொண்டு போய் வேலையை ஆரம்பித்தேன். பகலில் சுவரோடு மடித்து வைக்கிற கட்டில் வந்தது. சாப்பிடும்போது மட்டும் இறக்கிக்கொள்ளும் மேசை வந்தது. ஹாலை வேண்டும்போது இரண்டாக்கிக்கொள்ள, தள்ளினால் நகரும் மரத்தடுப்பு. சுவருக்கு மஞ்சள், தடுப்புக்கு மயில் நீலம், சமையலறைக்குக் கிளிப்பச்சை. எல்லாவற்றுக்கும் மேலாக, மேற்குச் சுவரை இடித்து ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு மட்டும் மேஸ்திரி கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

“அம்மிணி, இது மேக்காலச் செவுருங்க. தெரிஞ்சுதானுங்க ஓட்டை வெக்காம உட்டிருக்காங்க.”

ஸ்வீடனில் இந்த மாதிரி ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்கள் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். புள்ள சொல்றபடி பண்ணிப்போடுங்க என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் சேகோ ஃபேக்டரியில் களத்து மேஸ்திரியாக இருந்தவர். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் மாவை ஜவ்வரிசியாக உருட்டி வறுத்த பிறகு பரந்த சிமெண்டுக் களத்தில் காயப்போடுவார்கள். வெய்யில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு நல்லது. அந்தக் களத்தில்தான் அவர் ஆயுசு கழிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளறையில் வெறும் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். அப்போது லைட்டைப் போட்டால் அம்மா என்னைத் திட்டுவாள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான்.

பொங்கலுக்குள் வேலை முடிந்தது. மார்கழி, தை வெய்யில் எவ்வளவு இதமானது என்று உங்களுக்குத் தெரியும். மாலையில் அந்த ஜன்னல் வழியே வெளிச்சம் வந்து மஞ்சள் சுவரில் விழும்போது எனக்குக் கண் கலங்கியது. திரும்பி வந்த பிறகும் வீடியோவில் அந்தச் சுவர்களைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். நாங்கள் பேசுவதெல்லாம் என் வேலை முடிந்த பிறகு. அப்போது சேலத்தில் இரவு. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஜோரா இருக்குது சாமி என்பார்.

மே மாதத்தில் திடீரென்று லீவு கிடைத்தது. சொல்லாமல் போய் நின்று சந்தோஷப்படுத்தலாம் என்று கிளம்பினேன். பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கியபோது உச்சி வெய்யில் சாய்ந்து மேற்கே திரும்பியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்ததும் மூச்சை அடைத்தது. மடக்குக் கட்டிலின் மெத்தையைக் கழற்றி ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். அது மூடாத இடத்தில் ஜவ்வரிசிச் சாக்குகள் தொங்கின. அப்படியும் சுவரைத் தொட முடியவில்லை. ஃபேன் அனல் காற்றை அள்ளி அள்ளி இறைத்தது. அப்பா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. வாசலுக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

அப்பா போய்விட்டார் என்றே நினைத்தேன். கதவைத் தள்ளினேன். ஈரத்தரையில் வேட்டியை விரித்து, மார்பில் நனைத்த துண்டோடு படுத்திருந்தார். தலைக்குத் தலையணை வைத்திருந்தார். சத்தம் கேட்டு மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

“என்ன சாமி, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?”

இங்கே ஏனுங்கப்பா படுத்திருக்கீங்க என்று கேட்டேன். ஊட்டுக்குள்ள இங்கதான் கொஞ்சம் இருட்டா, குளுகுளுன்னு இருக்குது என்றார். சித்திரை பிறந்ததிலிருந்து பகலெல்லாம் அங்கேதானாம். மெத்தையையும் சாக்கையும் ராத்திரி நான் கூப்பிடும் முன் எடுத்துவிடுவாராம். நான் மாட்டிக் கொடுத்த ஏசியைப் போட்டால் மூட்டு பிடித்துக்கொள்கிறதாம். ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். அத்தனை ஆசையாப் பண்ணுனியே என்றார்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனேன். நெஞ்சுக்காக நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவரை இந்தச் சூட்டில் வைத்திருந்தது யார் என்று அவர் கேட்டார். நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆள் தேறியிருக்கமாட்டார் என்றார். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறும்வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுக்குள் எவனோ ஒரு வெள்ளைக்காரன் புகுந்து சுவரை இடித்திருந்தால் அவனை நான் என்னென்ன கேட்டிருப்பேன் என்று நினைத்தேன். இந்த மண்ணின் வெய்யிலை நான் எப்படி மறந்தேன் என்பதுதான் விளங்கவில்லை.

மறுநாள் மேஸ்திரியை வரச்சொன்னேன். ஜன்னலைப் பிடுங்கிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள், பழைய சுவர் மாதிரியே ஆக்கிவிடுங்கள் என்றேன். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. டேப்பை எடுத்து அளக்கப் போனார். அப்பாதான் தடுத்தார்.

“முச்சூடும் அடைச்சுப்போட வேண்டாமுங்க மேஸ்திரி. புள்ள வெய்யலில்லாத ஊர்ல இருக்குது. வாரப்ப அதுக்கு வெளிச்சம் வேணுமில்லீங்க?”

சொந்தக்காரர் யாராவது வந்தால் அவர்களுக்குச் சர்க்கரை இல்லாத காபி வேண்டும் என்று சொல்வாரே, அந்தக் குரல். எனக்குச் சுருக்கென்றது. கடைசியில் மேலே சன்ஷேடு கட்டி, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கனத்த மரக்கதவு போட முடிவானது. அவர் இருக்கும்போது சாத்தியிருக்கும். நான் வந்தால் திறந்துகொள்ளலாம். மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் வீடு வேண்டும் என்று நான் கேட்டதுதானே!

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம் நல்ல கோடைமழை பெய்தது. மழை விட்டதும் அப்பா எழுந்து போய்ப் புதுக் கதவுகளைத் திறந்தார். சாயங்கால வெய்யில் ஹாலின் நடுவே வந்து விழுந்தது. அப்பா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் நிழலுக்கு நகர்ந்தார். நான் என் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கன்னத்தில் வெதுவெதுப்பு ஏறிய பிறகுதான், எங்கள் ஊரில் வேண்டுமென்றே வெய்யிலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது. கண்ணைத் திறந்தால் அப்பா நிழலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுடலையா சாமி?”

“இல்லீங்கப்பா” என்றேன். உண்மையாகவே சுடவில்லை.