இறக்கக் கூடாத பொட்டணங்கள்

ஹட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராமநாதனிடம் ஒரு தலைப்பைச் சொன்னால் போதும், அதை அப்படியே படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். நுவரெலியாவில் ஒரு புகைப்படக் கழகம் வருடா வருடம் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்குப் போட்டி வைத்து, தேர்வான படங்களைக் கண்காட்சியில் மாட்டுகிறது. ‘உழைப்பு’ என்றார்கள். கூடையோடு சிரிக்கும் கொழுந்தெடுக்கும் பெண்ணை அனுப்பினார். ‘நீர்’ என்றார்கள். அருவி போனது. ‘உயரம்’ என்றபோது சிவனொளிபாதமலை. அதே பெண்ணையும் அருவியையும் மலையையும் பாதி மாவட்டம் அனுப்பியிருந்தது.

தன் படம் இல்லாத கண்காட்சிக்கு ஒரு வருடம்கூடத் தவறாமல் போனவர் அநேகமாக அவர் ஒருவர்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பார். எடுத்தவரைத் தேடிப் பிடித்து, “இது எப்படிங்க உங்களுக்குத் தோணிச்சு?” என்று கேட்பார். பரிசு அறிவித்ததும் முதலில் தட்டுவது அவர் கைதான். ஐம்பதைத் தாண்டிய ஒரு வியாபாரிக்கு இப்படித் தோற்கத் தெரிந்திருப்பது லேசான காரியமில்லை.

கெமரா மகள் ஹம்சினியுடையது. கொழும்புக்குப் படிக்கப் போனவள் வீட்டில் விட்டுப்போனாள். அன்றிலிருந்து ஞாயிறு வந்தால் அப்பாவைக் கடையில் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைதான் தேயிலைத் தோட்டத்துச் சனம் டவுனுக்கு இறங்கும் நாள். அந்தக் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளித்தவர் கடையில் பங்குதாரரான மைத்துனர் சுதாகரன். போன வருடக் கண்காட்சி முடிந்ததும் அவர் பொறுமை இழந்தார்.

“அத்தான், ஒரு பேச்சுக்கு வருவோம். அடுத்த தடவ உங்க படம் அங்க செவத்துல தொங்கணும். தொங்கலைன்னா ஞாயித்துக்கெழம கல்லாவுல நீங்கதான்.”

“சரி” என்றார் ராமநாதன். சொன்ன பிறகுதான் கணக்குப் பார்த்தார். வாரத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்.

இந்த வருடத் தலைப்பு ‘காத்திருப்பு’. பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். ரயில் மேடைக்குப் போனார். ஆஸ்பத்திரி வரிசையை எடுத்தார், இறைச்சிக்கடை வாசலில் நாக்கைத் தொங்கப்போட்டிருந்த நாயையும் எடுத்தார். மனைவி ஜெயலெட்சுமி எல்லாவற்றையும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்.

“பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்க பஸ்ஸுக்குத்தான் நிக்கிறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?”

“நாய் நல்லா வந்திருக்கே?”

“நாய் நல்லாத்தான் இருக்கு. அதையே அனுப்புங்க. அதாவது ஜெயிக்கட்டும்.”

கடைசி நாள் ஞாயிறாக வந்தது. தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். காலையிலிருந்து மழை. வேறு வழியில்லாமல் கடையிலேயே உட்கார்ந்து, முகட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார் ராமநாதன். முகட்டுக்குக் கீழே மேல் தட்டு. மேல் தட்டு நிறையப் பொட்டணங்கள்.

அந்தக் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்குச் சேலை எடுக்கும் தோட்டத்துப் பெண்கள், காசைக் கொடுத்துவிட்டுச் சேலையைக் கடையிலேயே விட்டுப்போவார்கள். அவர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் அடுப்புப் புகையும் ஈரமும் புதுத்துணியைச் சும்மா விடாது. பிள்ளைகள் கண்ணில் பட்டால் தீபாவளி வரை தாங்காது. அவரவர் பொட்டணத்தை அவரவரே கட்டுவார்கள். ஒருத்தி ரிப்பனால், ஒருத்தி பழைய சேலைக் கரையால், ஒருத்தி கூடைக் கயிற்றுத் துண்டால். அதுதான் அடையாளம். பண்டிகைக்கு முதல் நாள் உடையவள் கையில் கொடுக்கும்வரை பொட்டணம் கீழே இறங்கக் கூடாது. இடையில் டவுனுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான்.

ராமநாதன் துள்ளி எழுந்தார். காத்திருப்பு என்று ஊரெல்லாம் தேடியது தன் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது! ஏணியைப் போட்டார். மேலே இருட்டு, வெளிச்சம் வாசலோரம். ஆகவே பொட்டணங்களை ஒவ்வொன்றாக இறக்கி வாசல் மேசையில் அடுக்கத் தொடங்கினார். சுதாகரன் மூன்று வாடிக்கையாளர்களுக்கு நடுவில் கத்தினார்: “அத்தான், என்ன வேல பாக்குறீங்க?” ராமநாதன் காதில் அது ஏறவில்லை.

நோட்டன் பிரிட்ஜ் பஸ் கடை முன்னால் நெரிசலில் நின்றது. ஜன்னலோரம் அழகம்மா. கூடைக் கயிற்றால் கட்டிய பொட்டணம் அவருடையது. எப்போதும்போல மேல் தட்டைத் தேடிய கண், தட்டு காலியாகிக்கொண்டிருப்பதையும் மேசையில் தன் கயிறு கிடப்பதையும் கண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டே கூட்டாளி ஒருத்திக்குப் போனைப் போட்டார்.

“அடியே, மொதலாளி எல்லாத்தையும் எறக்கிப்புட்டாரு. நம்ம சேலைய வேற யாருக்கோ விக்கப் போறாங்க போல!”

பெண்களெல்லாம் அன்று டவுனில்தான் இருந்தார்கள். ஒரு போன் பல போனாகி, மரக்கறிக் கடையிலிருந்தும் நகைக்கடை வாசலிலிருந்தும் ஓடி வந்தார்கள். ராமநாதன் கெமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது கடைக்குள் நிற்க இடமில்லை.

“என் ரிப்பன் எங்க?”

“மொதலாளி, காசு வாங்கிட்டுத்தானே வச்சீங்க?”

“கட வித்தாச்சா? சொல்லிட்டாவது வித்திருக்கலாம்ல?”

எட்டிப்பார்த்த பொலிஸ்காரருக்கு, “மொகுத் நே மஹத்தயா, ஒண்ணுமில்லைங்க” என்று சிங்களத்திலும் தமிழிலும் பதில் சொன்னார், கடைக்குச் சோறு கொண்டுவந்திருந்த ஜெயலெட்சுமி. மழை விட்டிருந்தது. வாசலில் அருமையான வெளிச்சம், பொட்டணங்கள் மேல் பால்போல் விழுந்துகொண்டிருந்தது. மலைப்பக்கம் பனி கிளம்பிவிட்டது. சற்று நேரத்தில் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். ஒரே ஒரு நிமிடம் எல்லோரையும் விலகச் சொன்னால் போதும்.

ராமநாதன் அழகம்மாவின் முகத்தைப் பார்த்தார். கெமராவைக் கழுத்தில் தொங்கவிட்டார்.

“யாரும் பயப்படாதீங்க. ஒண்ணும் போகல. எல்லாத்தையும் இப்பவே மேல வைக்கிறேன்.”

ஏணியில் ஏறினார். சுதாகரன் கீழிருந்து கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, உடையவள் “என்னுதுதான்” என்று சொன்ன பிறகே தட்டில் வைத்தார். போட்டி போனது, ஞாயிறும் போனது என்று மனதுக்குள் முடிவுகட்டியாகிவிட்டது. கடைசியாகக் கூடைக்கயிற்றுப் பொட்டணத்தை வைத்துவிட்டுத் திரும்பிக் கீழே பார்த்தார்.

கடை முழுக்க அண்ணாந்த முகங்கள். வாசல் வெளிச்சம் கன்னங்களில். யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன்னுடையதை மட்டும், அது இருக்கும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழகம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

“பாத்துக்கிட்டே நிக்காதீங்க,” என்றார் கீழிருந்து ஜெயலெட்சுமி. “எடுங்க!”

எடுத்தார்.

இறங்கி வந்து காரணத்தைச் சொன்னதும் கடை சிரிப்பில் அதிர்ந்தது. “எங்க நெஞ்சு அடிச்சுக்கிட்டது மொதலாளிக்குப் போட்டோவா?” என்றார் அழகம்மா. படத்தை ஒவ்வொருவரிடமும் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டார் ராமநாதன். ஒருத்தி தலை கலைந்திருக்கிறது என்று முறைத்தாள். ஒருத்தி தன் தோடு தெரியவில்லை என்று குறைப்பட்டாள். அழகம்மா நிபந்தனை போட்டார்: “அனுப்புங்க. ஆனா இனி எங்க பொட்டணத்துல கை வச்சீங்க, அடுத்த கடைக்குப் போயிருவோம்.”

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் படம் நுவரெலியாவில் சுவரில் தொங்கியது, பார்த்தவர்கள் அண்ணாந்து பார்க்கும்படி கொஞ்சம் உயரமாகவே. திறப்பு நாளன்று ஓர் இளைஞன் தேடி வந்து, “இது எப்படிங்க உங்களுக்குத் தோணிச்சு?” என்று கேட்டான். ராமநாதன் படத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

“எனக்குத் தோணினது வேற தம்பி. அத அவங்க எடுக்க விடல.”

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லாவில் இன்னமும் சுதாகரன்தான். மேல் தட்டில் அத்தான் எதையும் தொடக்கூடாது என்று அவரே ஏணியைப் பூட்டி வைத்திருக்கிறார்.