கூடை மாறிய அயிலை

மீன் வாடை அடித்தால் யாராவது பயப்படுவார்களா? போன செவ்வாய்க்கிழமை நான் பயந்தேன்.

கடல் ஆராய்ச்சி என் பிழைப்பு. என் மீன்கள் நாறுவதில்லை. ஃபார்மலினில் ஊறியவை, கண்தான் எரியும். பிணம் கெடாமலிருக்கப் போடுவார்களே, அதே விஷம்.

முந்தின வாரம் என் ஃபார்மலின் டின் பயணிகள் போட்டில் ஒழுகி, ஏறியவர்களுக்கெல்லாம் கண்ணீர். "இனி அந்தச் சாதனத்தை ஏத்தமாட்டேன் சாரே" என்றார் டிக்கெட்காரர். நான்தான் மகா புத்திசாலி ஆயிற்றே! ஊறிய அயிலை மீன் ஆறையும் நன்றாகக் கழுவி, இலையில் சுற்றி, சாதாரண ஓலைக்கூடையில் வைத்து வைப்பின் தீவில் போட் ஏறினேன்.

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கின் மாடிதான் எங்கள் ஆய்வுக்கூடம். அங்கே கூடையைப் பிரித்தால்... புது மீன் வாடை!

போட்டில் பக்கத்தில் ஓர் அம்மாள், இதே மாதிரி கூடையோடு... ஐயோ! மணி பதினொன்றரை. என் மீன் எந்த அடுப்பில் கொதிக்கிறதோ?

கூடையை மேஜையில் போட்டுவிட்டு போட் ஜெட்டிக்கு ஓடி, டிக்கெட்காரரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டினார்; வழியும் சொன்னார். "சாக்கு தைக்கிற ராஜம்மா. அரண்மனைக்குப் பின்னால மூணாவது சந்து. வேகம் போ சாரே!"

வேலை போகும், ஜெயில் வரும் என்று தோன்றவில்லை என்றால் பொய். ஆனால் அந்த வீட்டு வாசலில் இரண்டு குழந்தைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்களே, அதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் சோறு.

"துப்பு! துப்பிடு!" என்று அலறினேன்.

ராஜம்மா வெளியே வந்தார். "மோரும் சோறும் எதுக்கு சாரே துப்பணும்?"

"மீன்...?"

"அறுக்கையிலேயே கண்ணு எரிஞ்சுது. ஒரு துண்டு பூச்சைக்குப் போட்டேன். மூக்கை நீட்டி மணத்து நோக்கிட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. பூச்சை வேண்டாங்கிறதை பிள்ளைங்களுக்குக் குடுப்பேனா?"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. ஆபத்துக்கு ஒரு நாற்றம் இருப்பது எவ்வளவு நல்லது! அதைக் கழுவி மறைத்தவன் எம்.எஸ்ஸி. படித்தவன், கண்டுபிடித்தது பூனை.

"அது கெடக்கட்டும். என் மீன் எங்கே?"

திரும்பவும் ஓட்டம். எங்கள் அட்டெண்டர் கடமை தவறாதவர். மேஜைமேல் மீனைக் கண்டால் என்ன செய்வாரோ, அதைச் செய்து, ஃபார்மலின் ஜாடிமேல் லேபிளும் ஒட்டியிருந்தார்...

மீன் தின்னாத வீட்டில் பிறந்த நான், முதல்முறையாகச் சமையலுக்கு மீன் வாங்கிக்கொண்டு போனேன். துடிக்கத் துடிக்க நல்ல அயிலை.

ராஜம்மா வாங்கிக்கொண்டார்.

பூனையைக் கூப்பிட்டார்.