டைவிங் குளத்தைக் காலி செய்த மழைக்காலம்

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்: முதல்வர், கணக்குப் பிரிவு அதிகாரி, உடற்கல்வி இயக்குநர், எங்கள் பயிற்சியாளர், நீச்சல் அணியின் கேப்டன் என்ற முறையில் நான். இல்லாதவர்கள்: டைவிங் செய்யும் இருவர். அவர்களுக்கு வகுப்பு இருந்ததாம். எனக்கும்தான் இருந்தது, என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் கல்லூரியில் இரண்டு குளங்கள். நீளமானது நீந்துவதற்கு. பக்கத்தில், பலகை வைத்த ஆழமான குளம் டைவிங்குக்கு. கோடையில் போர்வெல் வற்றிவிடும். லாரித் தண்ணீர் வாங்கித்தான் இரண்டையும் நிரப்புவார்கள். அதற்குமேல் குளோரின், மோட்டார், கரண்ட் பில்.

அதிகாரியின் யோசனை எளிமையானது. ஆழமான குளம்தான் அதிகம் விழுங்குகிறது. அதில் குதிப்பதோ இரண்டே பேர். மழைக்காலம் முழுக்க அதைக் காலியாகப் போட்டுவைத்தால் இரண்டு லட்சம் மிச்சம். மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். ஜனவரியில் லாரியே வேண்டாம், போரிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாம். முதல்வருக்கு அந்தக் கடைசி வாக்கியம் ரொம்பவும் பிடித்துப்போனது.

மேஜைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. என் அப்பா பம்மலில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். முதல்வர் அறையில் உட்கார்ந்ததும் அன்றுதான் முதல்தடவை. டைவிங் பண்ணுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கலாமே சார் என்றேன். உடற்கல்வி இயக்குநர் எழுந்துகொண்டே, "நீயே சொல்லிடுப்பா" என்றார்.

இருவரில் ஒருத்தி கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண், இரண்டாம் ஆண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணம் இல்லாமல் படிக்கிறாள். டிசம்பர் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த ஆண்டும் அந்தச் சலுகை. இன்னொருவன் முதலாண்டுப் பையன். கேன்டீனில் வைத்து இருவரிடமும் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"இன்னா கேப்டன், மேல பலகை கீது, கீழ தண்ணி இல்ல. நான் காத்துல குதிக்கவா?"

சும்மா சில மாதங்கள்தான் என்றேன்.

"அந்தச் சில மாசத்துலதான் என் போட்டி வருது. உங்க குளத்த காலி பண்ணுவாங்களா? கேட்டியா?"

அது கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி.

மறுவாரமே தண்ணீரை வெளியேற்றினார்கள். பயிற்சியாளர் ஜிம்மிலிருந்து தடித்த மெத்தைகளைக் கொண்டுவந்து எங்கள் குளத்தோரம் போட்டார். மரப்பெட்டிமேல் ஏறிக் காற்றில் சுழன்று மெத்தையில் விழுந்து அவள் பயிற்சி செய்தாள். நாங்கள் நீந்திக்கொண்டிருப்போம். மூச்சு வாங்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் தொப்பென்று அந்தச் சத்தம். என் நீச்சல் நேரம் மோசமாகிக்கொண்டே போனது. ஒரு நாள் பயிற்சியாளரிடம் போய், மெத்தையை வேறு எங்காவது போடலாமா என்றுகூடக் கேட்டேன். அவர் இன்னொரு மெத்தையை இழுத்துப் போட்டார்.

வாரத்தில் சில நாள் வேளச்சேரியில் பலகை உள்ள குளத்துக்கு அவள் போக ஆரம்பித்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ பிடிப்பாள். குளத்துக்கும் ஆட்டோவுக்கும் பயிற்சியாளர் கைக்காசு கொடுத்தார். குளத்தில் தரும் ரசீதுகளையும், ஆட்டோ செலவை எழுதிய சீட்டுகளையும் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தார். அந்தப் பையன் எங்கும் போகவில்லை; நவம்பரில் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போய்விட்டான்.

பிறகு பெருமழை. கல்லூரிக்கு விடுமுறை. வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். மோட்டார் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்ததில் அம்மாவுக்கே எரிச்சல் வந்துவிட்டது.

கல்லூரி திறந்த அன்று முதல் ஆளாகப் போனேன். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. டைவிங் குளத்தின் தரைதான் நடுவில் வயிறு மாதிரி உப்பி மேலே வந்திருந்தது. ஓடுகள் பெயர்ந்து கிடந்தன. வெடிப்புகளின் வழியே கலங்கல் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த கான்ட்ராக்டர், சுற்றிலும் நிலம் ஊறிப்போயிருக்கும்போது குளத்துக்குள் கனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஏறும் தண்ணீர் தரையைத் தூக்கிவிடும் என்று விளக்கினார். எந்த நிலத்தடி நீரை நம்பி லாரிச் செலவைக் கழித்தார்களோ, அது சொன்னபடியே வந்திருந்தது. அதிகாரி குடையோடு நின்று கேட்டார். காலியாக இருந்தால் செலவே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

என் பின்னால் நின்றிருந்த அவள் மெதுவாகச் சொன்னாள்: "காலி படகுதான மெதக்கும்."

 

நிர்வாகம் குளத்தை மண் போட்டு மூடிவிடலாமா என்று யோசித்தது. டைவிங்கே இல்லாத கல்லூரியில் டைவிங் சலுகை எதற்கு என்று ஒரு பேச்சும் கிளம்பியது. போட்டி நாளன்று அவள் பலகை நுனியில் நிற்கும்போது என்னால் பார்க்க முடியாமல் வெளியே போய் ஸ்டாண்டில் நின்ற பைக்குகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் வந்து தோளில் தட்டினார். இரண்டாம் இடம்.

கோப்பை கையில் இருக்கும்போது சலுகையைப் பிடுங்க யாருக்கும் வாய் வரவில்லை. மண் போடும் யோசனையும் நின்றது. ஜனவரியில் மறுபடி கூட்டம். இம்முறை அவளும் இருந்தாள், என் பக்கத்து நாற்காலியில். அதிகாரி வாசித்தார்: தரையை உடைத்து எடுக்க, புதிதாகப் போட, ஓடு பதிக்க, மோட்டார் வைத்து ஊற்றுநீரை இறைக்க, பயிற்சியாளர் கொடுத்த சீட்டுகளின்படி வேளச்சேரிக் கட்டணம், ஷேர் ஆட்டோ. வேலை முடிவதற்குள் கோடை வந்துவிடும் என்பதால் நிரப்ப லாரித் தண்ணீரும்.

மொத்தம் பதினான்கு லட்சத்து இருபத்தாறாயிரம் ரூபாய்.