வியாங்

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் உப்பளம் என்கிற பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். பாத்திரம், துணி, கூட்டுவது எல்லாம் நான்தான். வீட்டுக்கார அம்மா நம்ம தமிழ் ஆள், கிறிஸ்து வேதக்காரங்க. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். அந்த அம்மாவை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். என்னிடம் தமிழ் பேசுவார். நாயிடம் மட்டும் பிரெஞ்சு.

பழுப்பு நிறத்தில் நாட்டு நாய். “பையன் சாப்பிட்டானா?” என்று அதைத்தான் என்னிடம் கேட்பார். கூப்பிடும்போது மட்டும் “வியாங்” என்பார். அது ஓடி வரும். ஒரு துண்டு ரொட்டி கொடுப்பார். அதனால் அதன் பேர் வியாங் என்று நினைத்துக்கொண்டேன். “அசீ” என்றால் உட்காரும். உட்கார்ந்த உடனே ரொட்டி. உட்காராவிட்டால் திட்ட மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா நிற்பார். கொஞ்ச நேரத்தில் அது தானாக உட்காரும். “பியாங், பியாங்” என்று மெச்சித் தலையைத் தடவுவார்.

எனக்கு அது புதுசு. எங்கள் தெருவில் நாய்க்குக் கல்தான்.

“அடிக்காம எப்படி மதாம் கேக்குது?”

“நீ தினம் வேலைக்கு வர்றியே, நான் அடிச்சதாலயா வர்றே?”

இரண்டு பேரும் சிரித்தோம். இன்னொன்றும் சொன்னார். “ஓடிப் போயிட்டுத் திரும்பி வந்த நாய மட்டும் அடிச்சுடாதே. ஓடுனதுக்குன்னு அதுக்குத் தெரியாது. வந்ததுக்குத்தான் அடின்னு நினைச்சுக்கும்.”

அவர் மகன் பிரான்சில் இருந்தான். ஒரு நாள் வந்து மதாமை அழைத்துப் போய்விட்டான். நாயைக் கூட்டிப் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது மதாம் நாயின் கயிற்றை என் கையில் கொடுத்தார். “பையனப் பாத்துக்க” என்றார்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கட்டினேன். சோறு வைத்தால் தொடவில்லை. ராத்திரி எல்லாம் ஊளை. என் வீட்டுக்காரர் மில்லில் வேலை செய்துவிட்டு வந்து தூங்க வேண்டும்.

“தொர வூட்டு நாயாடி இது? கொம்பால ரெண்டு போடு, தானா அடங்கும்.”

கொம்பை அடுப்பில் வைத்தேன். மறுநாள் ரொட்டி வாங்கி வந்தேன். சின்னச் சின்னதாகப் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மதாம் மாதிரியே குரலை இழுத்து, “வியாங்” என்றேன். தலையைத் தூக்கியது. என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தது. அப்புறம் மெல்ல வந்து தின்றது. பக்கத்து வீட்டு அக்கா, “இன்னாடி, நாயிகிட்ட பிரெஞ்சு பேசுறே, எப்ப கப்பல் ஏறப் போறே?” என்றாள். பேசினால் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அவிழ்த்துவிட்டால் போதும், காலையில் உப்பளத்துக்கு ஓடிவிடும். மதாம் வீட்டில் பூட்டின கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். நான் போய்த் தெரு முனையில் நின்று கூப்பிடுவேன். கேட்டைப் பார்க்கும். என்னைப் பார்க்கும். பிறகு வரும். திட்ட மாட்டேன். ரொட்டி கொடுத்து, “பியாங்” என்பேன். ஆனாலும் மனசில் ஒன்று இருந்தது. அது என்னிடம் வரவில்லை, மதாமுடைய சொல்லுக்கு வருகிறது என்று.

ஒரு நாள் போனேன். கேட்டுக்கு முன்னால் நாய் இல்லை. தெரு முனையில் முனிசிபாலிட்டி நாய் பிடிக்கிற வண்டி நின்றது. கூண்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக நாய்கள். போனால் திரும்பி வராது என்று எல்லோருக்கும் தெரியும். வண்டிக்காரனிடம் ஓடினேன்.

“அண்ணே, எங்க நாய் உள்ள இருக்குது. வுட்டுடுண்ணே.”

“கழுத்துல பட்டை இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.”

“கூப்பிட்டா வரும்ணே.”

“இந்தச் சத்தத்துலயா? எங்க, கூப்பிடு பாப்போம்.”

கூண்டுக்குப் பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். “வியாங்.”

கூண்டின் அடியில் ஏதோ அசைந்தது. மற்றதை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்து கம்பியில் மூக்கை வைத்தது. கழுத்தில் சுருக்குக் கம்பி கிழித்த ரத்தம். “அசீ” என்றேன். மற்ற நாய்கள் மேலே ஏறி மிதிக்க, அது உட்கார்ந்தது.

அந்த ஆள் பீடியை வாயிலிருந்து எடுத்தான். “இன்னாம்மா பேரு இது?”

“அதாண்ணே அதும் பேரு.”

“தொறந்தா ஓடிடும். அப்புறம் என்னச் சொல்லாதே.”

திறந்தான். குதித்தது. ஓடவில்லை. கேட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை. நேராக என் காலடிக்கு வந்து கையைப் பார்த்தது. அவசரத்தில் நான் ரொட்டி கொண்டு போகவில்லை. வெறும் கையை விரித்துக் காட்டினேன். அதை நக்கியது.

அதற்குப் பிறகு அது உப்பளத்துக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கழுத்துக் காயத்தைப் பார்த்தார். டீயில் நனைத்த ரொட்டியைப் பாதி பிய்த்து, “ந்தா, வியாங்” என்றார். அவர் வாயில் அந்தச் சொல் சரியாக வரவில்லை. ஆனாலும் நாய் அவரிடம் போனது.

ரொம்ப வருஷம் எங்களோடு இருந்தது. ஒரு மழைக்காலத்தில் செத்தது. பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

அப்புறம் வேறு ஒரு வீட்டில் வேலை. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த அந்த வீட்டு மருமகள் வாசலில் நின்று, “வியாங்!” என்றாள். கையில் இருந்த தட்டோடு திரும்பினேன். அவள் குழந்தை ஓடி வந்தது.

“பாப்பா பேரு வியாங்காம்மா?”

அவள் சிரித்தாள். “பேரு இல்லக்கா. வான்னு அர்த்தம்.”

மிச்சப் பாத்திரத்தைக் கழுவினேன்.

எங்கள் நாய்க்கு வேறு ஏதோ ஒரு பேர் இருந்திருக்கும். கேட்க மதாம் இல்லை. அத்தனை வருஷமும் நான் வா, வா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அது ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. இப்போதும் ரொட்டி வாங்கி வரும்போது அந்தச் சொல் வாய் வரைக்கும் வரும். அர்த்தம் தெரிந்த பிறகு சொல்ல முடியவில்லை.