மணியத்தார் பிடித்த சஷ்டி

சிவசுப்பிரமணியம் என்று முருகனின் பேரையே சுமந்துகொண்டு, வாழ்நாளில் ஒரு விரதம்கூடப் பிடிக்காத மனிதர் சண்டிலிப்பாயில் ஒருவர்தான் இருந்தார். மணியத்தார் என்றால் புகையிலைத் தோட்டமும், வாயில் சுருட்டும், மூன்று பேருடைய சோற்றை ஒருவராக உண்ணும் வயிறும்தான் ஊருக்கு நினைவு வரும். அப்படிப்பட்டவரை 1991ஆம் ஆண்டு ஐப்பசியில் அவருடைய மனைவி அருந்ததி புது மனிதராகக் கண்டாள்.

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டாவது தடவை இரத்தப் பிறசர் ஏறி, கைகால் வீங்கி, வலிப்பும் வந்து, அவளே தப்பியது அருந்தப்புத்தான். இந்த முறை பெரியாஸ்பத்திரி டொக்டர் ஆஸ்பிரின் குளிசையில் கால்வாசியைத் தினமும் எடுக்கச் சொல்லியிருந்தார். "கட்டாயம் சரிவரும் எண்டு சொல்லமாட்டன். ஆனால் உதவக்கூடும். சாப்பிட்ட பிறகு போடுங்கோ, ஒரு நாளும் விடாதேங்கோ" என்றார். போரினால் மருந்துகளுக்குத் தடை இருந்த காலம். மணியத்தார் கொக்குவில், சாவகச்சேரி என்று சைக்கிளில் அலைந்து குளிசை தேடிக் கொண்டுவந்தார். புதுச் சவர பிளேடால் ஒவ்வொன்றையும் நாலாக வெட்டியும் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கந்தசஷ்டி வந்தது. பிள்ளை தங்கவேண்டும் என்று ஆறு நாளும் உபவாசம் இருப்பதாக அருந்ததி நேர்ந்திருந்தாள். முதல் நாள் காலை, கோயிலுக்குக் காப்புக் கட்டப் புறப்பட்டவளிடம் மணியத்தார் குளிசையை நினைவுபடுத்தினார்.

"வெறும் வயித்திலை போடக்கூடாதெல்லே. ஆறு நாளைக்கு விடுவம். முருகன் பாத்துக்கொள்ளுவான்" என்றாள்.

"டொக்டர் ஒரு நாளும் விடக்கூடாதெண்டவர்."

"இஞ்சாருங்கோ, சாமிக்குச் சொன்ன சொல்லை மாத்தேலுமே? மாத்தினால் இதையும் எடுத்துப்போடுவான்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மணியத்தார் சுருட்டை நிலத்தில் தேய்த்து அணைத்தார். "அழாதையும். நேர்த்தியும் தவறக்கூடாது, குளிசையும் தவறக்கூடாது. விரதத்தை நான் பிடிக்கிறன். நீர் சாப்பிட்டுட்டுக் குளிசையைப் போடும்."

விரதம் கைமாறுமா என்று சாத்திரம் கேட்பவர்கள் கேட்கட்டும். கோயிலில் அவர் கையை நீட்டியதும் ஐயரே திகைத்துப்போய்த்தான் காப்பைக் கட்டினார். ஊர்வாய் சும்மா இருக்குமா? "சூரன் ஆறு நாள் தாங்குவான், மணியத்தார் மத்தியானம் தாங்கார்" என்று பகிடி பண்ணினார்கள்.

மனிதர் தாங்கினார். பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தோட்டம் கொத்தினார். நாலாம் நாள் தலை சுற்றிக் கிணற்றடியில் குந்திவிட்டார். அருந்ததி தேத்தண்ணியோடு ஓடினாள். அவர் கையால் மறித்துவிட்டார். வீட்டுக்குள் அதைவிட மோசம். அவள் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். கத்தரிக்காய்க் குழம்பின் மணத்துக்கு அவருக்கு வாயூறுவது அவளுக்குத் தெரியாதா? "இன்னும் ரெண்டு பிடி சாப்பிடும்" என்பார். பசித்தவர் முன்னால் சோறு எப்படி இறங்கும்! கண்ணீரோடு விழுங்கினாள், பிறகு குளிசையையும் விழுங்கினாள். இப்படியொரு மனிதர் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைத்துக்கொண்டாள்.

மாசியில், மாதம் நிறைய முன்னரே பிறசர் மெல்ல ஏறியது. ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். ஆனால் இந்த முறை வலிப்பு வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், சத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

பிரசவ வாட்டுக்குள் விட்டதும் மணியத்தார் தொட்டிலைத் தாண்டி நேரே கட்டிலடிக்கு வந்தார். அருந்ததியின் கையைப் பிடித்து, வீக்கம் இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்தார்.

"பிள்ளையைப் பாருங்கோவன்" என்றாள் அவள். "பட்டினி கிடந்து கேட்டு வாங்கின பிள்ளையெல்லே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிள்ளைக்கெண்டு நான் ஒண்டும் கேக்கேல்லை, அருந்ததி. உம்மடை நேர்த்தியை மாத்திப்போட்டன், குறை நினையாதையும். என்ரை மனுசியை மட்டும் என்னட்டைத் திருப்பித் தா எண்டுதான் ஆறு நாளும் கும்பிட்டனான்."