நூலால் அளந்த கார்

புதுக் காரின் சீட்டில் போர்த்திய பிளாஸ்டிக் உறை வெயிலில் சூடாகிக் கிளப்பும் வாசனை எல்லோருக்கும் பிடிக்கும் என்கிறார்கள். எனக்கோ பத்து வயதிலிருந்தே அது குமட்டல்தான். ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எங்கள் வீட்டில் நான்கு பவர்லூம் தறிகள் ஓடிய காலத்தில், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா திருப்பதிக்குப் போய் ஒரு சிவப்புக் கார் வாங்கி வந்தார். வாங்கியது என் அக்கா சுமதிக்காக. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

அக்காவுக்குச் சின்ன வயதில் முழங்காலில் சீழ் வைத்து, ஆறியபோது மூட்டு இறுகிவிட்டது. அந்தக் கால் நீட்டியபடியே இருக்கும், மடங்காது. திருப்பதியில் காலேஜ் சீட் கிடைத்து பஸ்ஸில் போனவளின் காலை, இரண்டாம் நாளே யாரோ மிதித்துவிட்டு, "காலை வூட்ல வச்சிட்டு வர்றதுதானே" என்று அவளையே திட்டினார்களாம். அன்று நைனா, "ஒரு காரு வாங்கி நானே கொண்டாந்து வுடறேன், நீ படிம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை.

கையிலிருந்த பணத்துக்கு இரண்டு கார்கள்தான் அகப்பட்டன. ஒன்று உயரம், அகலக் கதவு, பார்க்கப் பெட்டி போலிருக்கும். மற்றது தாழ்வு, சிவப்பு. எங்கள் குறுகல் சந்தில் இரண்டுமே நுழையும், மைலேஜும் ஏறக்குறைய ஒன்றுதான். அக்கா ஏறி உட்கார்ந்து பார்த்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் முடிவாகியிருக்கும். பெரியப்பா விட்டால்தானே! "நல்ல காரியத்துக்குப் போய்க்கினு கீறோம், அவ எதுக்கு? நாலு பேரு பாப்பாங்க" என்றார். அண்ணன் பேச்சைத் தட்டாத நைனா, ஜன்னல் முதல் கட்டில் வரை எதையும் நூல் பிடித்தே அளக்கிற தறிக்காரர் வழக்கப்படி, பாவு நூல் ஒன்றை எடுத்து அக்காவின் இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்து, இரு முனையிலும் முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்காவுக்குப் பதிலாக என்னை அழைத்துப் போனார்கள்.

ஷோரூமில், சிவப்புக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு முடிச்சை என் இடுப்பில் வைத்துப் பிடித்தேன். மறுமுடிச்சை நைனா கால் வைக்கும் இடத்தின் கோடிவரை இழுத்தார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் அளவு பொருந்தியது. "சரியா கீதுல்ல?" "கீது நைனா." எனக்கு அந்தச் சிவப்பு வேண்டும், அவ்வளவுதான். உயரக் காரைப் பெரியப்பா "கூண்டு வண்டி" என்று ஒதுக்கிவிட்டார்.

பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றி, தெருவே கூடி நின்றபோது அக்கா ஏற வந்தாள். உள்ளே அவள் காலுக்கு இடமிருந்தது. கதவு வழியாக அந்தக் காலை உள்ளே கொண்டுபோகத்தான் முடியவில்லை. நூல் மடங்கி உள்ளே போயிருந்தது. அக்காவின் கால் மடங்காது. அக்குளில் கைகொடுத்து நைனா அவளைப் பின்சீட்டுக்குள் பின்பக்கமாக இழுத்தார். அவள் "யம்மா" என்று அலறினாள். கூட்டத்தில் யாரோ "அய்யோ பாவம்" என்றார்கள்.

அக்கா இறங்கித் தாவணியைச் சரிசெய்துகொண்டாள். "நான் போவல நைனா. காரும் வாணாம், படிப்பும் வாணாம்."

"ஆனது ஆயிப்போச்சு, வண்டி ரிஜிஸ்டர் ஆயிடுச்சு" என்றார் பெரியப்பா. காலேஜ் சீட் போயிற்று. கார் மட்டும் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் போனது, காளஹஸ்திக்குப் போனது, கார்வேட்டிநகரத்தில் யார் யாருக்கோ பெண் பார்க்கப் போனது.

அந்தக் காரைப் பழைய இரும்புக்காரர் எப்போதோ எடுத்துப் போய்விட்டார். நைனா இல்லை, பெரியப்பாவும் இல்லை. அக்கா அதே வீட்டில், தறியில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருக்கிறாள். போன வாரம் திருப்பதியில் என் சம்பளத்துக்கு அடங்குகிற காரொன்றை, உயரமானதாகவே, பார்த்து வைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"நீ வந்து ஏறி உக்காந்து பாத்தாதான் வாங்குவேன்க்கா."

தறிச் சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டாள்: "ஏண்டி, நூலு தீந்துபூடுச்சா?"