இரண்டாவது கோல் விழுந்தபோது

சேலையூரில் ஸ்ரீநிவாசன் வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. இந்தியா கால்பந்து ஆடும் நாளில் அது அவருடைய நண்பர் தயாளனின் நாற்காலி. மற்றவர்கள் ஹாலில் டிவி முன்னால் இருப்பார்கள். தயாளன் மட்டும் வெளியே, செருப்பு ஸ்டாண்டுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விருந்தாளியை யாராவது வாசலில் உட்கார வைப்பார்களா? வைத்தார்கள். அதுவும் அன்போடு வைத்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது அது. ஆட்டம் பாதியில் இருந்தபோது மகள் பிளஸ்ஸியிடமிருந்து போன் வந்தது. தயாளன் எழுந்து வெளியே போனார். அந்த நிமிஷமே இந்தியா ஒரு கோல் போட்டது. சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தார். எதிரணி பதில் கோல் போட்டது. வேடிக்கைக்காக அவரை மறுபடி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இந்தியா ஜெயித்தது. பக்கத்துத் தெரு ஜோஸ்வின் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அங்கிள், நாட்டுக்காகக் கேக்குறேன், இனிமே நீங்க வெளியவே இருந்துடுங்க” என்றான். வீடே சிரித்தது. தயாளனும் சிரித்தார். அடுத்த ஆட்டத்துக்கு அவரே நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வேடிக்கை வழக்கமாயிற்று. வழக்கம் நம்பிக்கையாயிற்று. ஆண்டவனே, மனிதன் எதையெல்லாம்தான் நம்பத் தொடங்கிவிடுகிறான்!

இத்தனைக்கும் தயாளன் ஜாதகம் பார்க்காத வீட்டில் பிறந்தவர். பிளஸ்ஸியின் நிச்சயதார்த்தத்தை ராகு காலத்தில் வைத்தபோது ஸ்ரீநிவாசன் பதறிப்போய், “ஒரு மணி நேரம் தள்ளி வையுமய்யா” என்று கெஞ்சினார். தயாளன் அவர் தோளைத் தட்டி, “எங்களுக்கு எல்லா நேரமும் கர்த்தர் கொடுத்த நேரம்தான் சீனு” என்று சொல்லிச் சிரித்தார். அப்படிச் சொன்ன மனிதர்தான் ஒரு பந்துக்காக வாசலில் உட்கார்ந்தார்.

அந்தக் கூட்டத்திலேயே பந்தை உதைத்துப் பழகியவர் அவர் ஒருவர்தான். ரயில்வேயில் சேர்ந்த புதிதில் டிவிஷன் அணிக்கு லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். முழங்கால் முறுக்கிக்கொண்டு ஆட்டம் நின்றது. அதன்பிறகு ரிட்டயர் ஆகும்வரை தாம்பரம் பார்சல் ஆபீஸ். ஆட்டத்தை அத்தனை நேசித்தவர், வருஷக் கணக்கில் இந்தியா ஆடிய ஒரு மேட்சைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக வரும் சத்தத்தை வைத்துத்தான் அவர் ஆட்டம் பார்த்தார். பெருமூச்சு என்றால் பந்து வெளியே போயிற்று. சோபா கிரீச்சிட்டால் கார்னர்.

அவர் மனத்தின் அடியில் இன்னொரு பயமும் கிடந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பிளஸ்ஸி முதல் முறை கர்ப்பமானபோது மருமகன் எபிக்கு ஒரகடம் ஃபேக்டரியில் ஷிப்ட். ஸ்கேன் எடுக்க அப்பாதான் கூடப் போனார். அவர் அறைக்குள் நுழைந்ததும் டாக்டரின் முகம் மாறியது. துடிப்பு இல்லை என்றார்கள். உள்ளே போனேன், நின்றுவிட்டது என்று அவர் மனம் அன்றே எழுதி வைத்துக்கொண்டது. இப்போது மறுபடி கர்ப்பம், ஏழாவது மாதம். மகளைப் பார்க்கப் போனால்கூட அறை வாசலோடு நின்று பழங்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற வேண்டிய அந்த ஆட்டம், சிங்கப்பூரோடு, கோவாவில். ஜெயித்தே ஆகவேண்டும். இந்தியா சீக்கிரமே ஒரு கோல் போட்டது. ஹாலில் கூரை பிய்ந்தது. வெளியே தயாளன் இருட்டில் தனியாகக் கை தட்டினார்.

அப்புறம் மழை பிடித்தது. சாரல் போர்ட்டிகோவுக்குள் அடித்தது. ஸ்ரீநிவாசனின் மனைவி அபிதகுஜாம்பாள் எட்டிப் பார்த்துத் துடித்துப்போனார். “என்ன சார் இது அநியாயம், ஒரேயடியா நனையறேளே! உள்ள வாங்கோ.”

“வேண்டாம்மா, இன்னும் கொஞ்ச நேரம்தான் இடைவேளைக்கு.”

“நன்னாருக்கே! ஜுரம் வந்தா அந்தப் பசங்களா வந்து பார்ப்பா? வாங்கோன்னா.”

அந்த அம்மாள் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டதால் வாசற்படியைத் தாண்டினார். ஒரே ஒரு எட்டு. டிவியில் வலை அசைந்தது. சிங்கப்பூர் சமன் செய்துவிட்டது.

ஹாலில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தயாளன் வந்த வழியே திரும்பி, மழையிலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டாவது பாதி முழுக்க நனைந்தபடியே இருந்தார். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது, சிங்கப்பூரின் இரண்டாவது கோல். பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. இரண்டுக்கு ஒன்று. இந்தியாவுக்கு வழி அடைபட்டுவிட்டது.

மறுநாள் காலை மைதானத்தில் நடை முடிந்ததும் டீக்கடையில் விசாரணை ஆரம்பித்தது.

“இன்னா சார், ஊத்திக்கிச்சாமே?” என்றார் டீ மாஸ்டர், பாலை ஆற்றிக்கொண்டே. “நீங்க ஏன் சார் இத்தப் பாத்துகினு பேஜார் ஆவுறீங்க? கிரிக்கெட்டு கீதுல்ல.”

“யோவ், நீ டீயப் போடுய்யா. வயித்தெரிச்சலைக் கிளப்பாதே,” என்றார் ஸ்ரீநிவாசன். “நூத்திநாப்பது கோடி ஜனம். சென்னை அளவுகூட இல்லாத ஊர் நம்ம ஊருக்கே வந்து அடிச்சுட்டுப் போறான். வெக்கமா இல்லை?”

“ஜனத்தொகை என்ன அங்கிள் பண்ணும்? நூத்திநாப்பது கோடி பேரும் கோல் போஸ்ட்ல நிக்க முடியுமா?” என்றான் ஜோஸ்வின். நேற்றைய அதே ஜெர்ஸி, தோற்றாலும் துவைக்கவில்லை. “லீக் எப்ப ஆரம்பிக்கும்னு பிளேயருக்கே தெரியல. பிராக்டிஸே இல்லாதவன் எப்படி ஓடுவான்?”

“அப்போ கோச் எதுக்கு?”

“கோச்சை மாத்தியாச்சே. ஓட்டை டயருக்கு டிரைவரை மாத்தினா வண்டி ஓடுமா?”

“ஸ்ட்ரைக்கர்?”

“இருந்தா ஏன் ரிட்டயர் ஆனவரைத் திரும்பக் கூப்பிடுறாங்க? விட்டா உங்களையும் கூப்பிடுவாங்க.”

“நான் போனாகூட ஒரு கோல் போட்டிருப்பேன்டா.”

“போடுவீங்க. எந்தப் பக்கம்கிறதுதான் பிரச்சினை.”

டீக்கடையே சிரித்தது. தயாளன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அந்த ரெண்டாவது கோல்ல... லெஃப்ட் பேக் முன்னாடி ஏறிப் போயிருப்பான். திரும்பி வர நேரம் இருந்திருக்காது. எனக்கு அந்த இடம் தெரியும்.”

“நீங்க பாக்கலியே அங்கிள்,” என்றான் ஜோஸ்வின்.

உண்மைதான். பார்க்காதவர் என்ன பேசுவது? தயாளன் மறுபடி கிளாஸை எடுத்துக்கொண்டார்.

ஸ்ரீநிவாசன்தான் பெஞ்சில் சாய்ந்துகொண்டு தீர்ப்பைச் சொன்னார். “கோச்சும் இல்லை, லீக்கும் இல்லை. எல்லாம் நன்னாத்தான் போயிண்டிருந்தது. என் ஆத்துக்காரி மட்டும் இந்த மனுஷனை உள்ள கூப்பிடாம இருந்திருந்தா ஆசியக் கோப்பைக்கே போயிருப்போம்.”

“ஆமா அங்கிள், ஒரு குடை குடுத்திருக்கலாம்ல?” என்றான் ஜோஸ்வின்.

மறுபடி சிரிப்பு. டீ மாஸ்டர்கூடச் சிரித்தார். தயாளனும் உதட்டை விரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. மனைவி ஞானசௌந்தரி. “ஏங்க, பிளஸ்ஸிக்கு வலி வந்துருச்சு. ரத்தம் போகுதாம். கீழ்க்கட்டளை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. நான் ஆட்டோ ஏறிட்டேன். நீங்க நேரா வந்துருங்க.”

தயாளன் மேடவாக்கம் வழியாக ஸ்கூட்டரில் எப்படிப் போனார் என்பது அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பறந்து வந்தவர், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். ஜெனரேட்டர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

எபி இறங்கி ஓடி வந்தான். “மாமா, ஏன் இங்க நிக்கிறீங்க? பிளஸ்ஸி உங்களைத்தான் கேக்குறா.”

“நீங்க மேல போங்க மாப்பிள்ளை. நான் வண்டியைப் பாத்துக்கறேன்.”

“வண்டியையா?” எபி ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தான். மேலேயிருந்து நர்ஸ் கூப்பிட்டதும் ஓடிவிட்டான்.

பிறகு பிளஸ்ஸியே போனில் பேசினாள். “அப்பா, எங்க இருக்கீங்க?”

“கீழதாம்மா.”

“மேல வாங்கப்பா. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகப் போறாங்க. பயமா இருக்கு. ஒரு தடவை வந்து கையைப் பிடிச்சுட்டுப் போங்க.”

“வரேன்மா. இதோ வரேன்.”

வரவில்லை. பெற்ற மகள் கூப்பிட்டும் அந்தத் தகப்பன் போகவில்லை. கல்நெஞ்சம் என்று யாராவது நினைத்தால் அது பெரும் பாவம். அவர் ஜெனரேட்டர் புகைக்கு நடுவில் கை கூப்பி நின்று கதறிக்கொண்டிருந்தார். “கர்த்தரே, நான் உள்ள போகல. பாருங்க, நான் வெளியதான் நிக்கிறேன். எம்புள்ளையைப் பாத்துக்கோங்க.”

வெயில் ஏறி, பிறகு மேகம் மூடியது. அவர் நகரவேயில்லை.

ஞானசௌந்தரி படியிறங்கி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சொல்லும்வரை காத்திருந்தார்.

“பிளஸ்ஸி பொழைச்சுட்டா. குழந்தை போயிடுச்சுங்க.”

தயாளன் அவளையே வெறித்தார். “எப்படி ஞானம்? நான் உள்ளயே வரலையே. நான் வெளியதானே நின்னேன்.”

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது, இத்தனை வருஷம் எரிச்சலோடு பொறுத்துக்கொண்டிருந்த அந்த நீல நாற்காலி அவள் கண்முன் வந்தது. அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“அதுக்கா நீங்க வரல? தியேட்டருக்குள்ள போறவரைக்கும் அவ கதவையே பாத்துட்டு இருந்தா! நேத்து தொப்பலா நனைஞ்சு வந்தீங்களே, ரெண்டாவது பாதி பூரா மழையில உக்காந்திருந்தேன்னு சொன்னீங்களே. அந்த ரெண்டாவது கோல் விழும்போது நீங்க எங்கங்க இருந்தீங்க? வெளியதானே? அப்பவும் தோத்தாங்கல்ல?”

இந்தச் சின்னக் கணக்கு அதுவரை தயாளனுக்கும் தோன்றவில்லை, டீக்கடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசலில் காவல் நின்றதால் எந்தத் தோல்வியும் வராமல் போகவில்லை. மகளின் கை மட்டும் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று.

படியேறிப் போனார். பிளஸ்ஸி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலடிச் சத்தத்திலேயே அப்பா என்று தெரிந்தது போலும்.

“நான் கூப்பிட்டேன்லப்பா,” என்றாள், திரும்பாமலே.

அவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்தேயிருந்தார். அவள் கையை அவர் தொட்டபோது அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

ஓய்வுக்காகப் பிளஸ்ஸி அம்மா வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், அப்பாவிடம் அதிகம் பேசவில்லை. ஸ்ரீநிவாசனும் அபிதகுஜாம்பாளும் வந்து கலங்கிவிட்டுப் போனார்கள். ஜோஸ்வின் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வாசலில் நின்று, என்ன பேசுவதென்று தெரியாமல் அதை அவர் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டான்.

அடுத்த மாதம் பங்களாதேஷோடு ஓர் ஆட்டம் இருந்தது. ஜெயித்தாலும் எங்கும் போக முடியாத ஆட்டம். சாயந்திரம் ஜோஸ்வின் போன் செய்தான். “அங்கிள், நாற்காலியை ஹாலுக்குள்ள போட்டுட்டேன். சீனு அங்கிள் பக்கத்துல. வாங்க அங்கிள், ப்ளீஸ்.”

“இல்லப்பா. நான் வீட்லயே பாத்துக்கறேன்.”

“முழுசாவா அங்கிள்?”

“முழுசாத்தான்.”

டிவியைப் போட்டுவிட்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் பிளஸ்ஸி அறையிலிருந்து வந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் அவருக்கு அருகே சாய்ந்தாள். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே பங்களாதேஷ் கோல் போட்டுவிட்டது.

தயாளன் தன்னையறியாமல் எழுந்தார். வருஷக் கணக்கில் பழகிய கால்கள் தாமாகவே வாசலை நோக்கித் திரும்பின.

பிளஸ்ஸி அவர் சட்டை நுனியைப் பிடித்தாள்.

“எங்கப்பா போறீங்க?”

“இல்லம்மா... ஒருவேளை நான் கொஞ்சம் வெளிய நின்னா...”

“உக்காருங்க.”

“தோத்துருவாங்கம்மா.”

“தோக்கட்டும். நீங்க இங்க உக்காருங்கப்பா.”

அவர் உட்கார்ந்தார். இந்தியா அன்று பதில் கோல் போடவேயில்லை. கடைசி விசில் வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரர்கள் தலைகுனிந்து மைதானத்தை விட்டுப் போனார்கள். பிளஸ்ஸி பிடித்த சட்டை நுனியை விடவில்லை.